கயிறு யாரு கையில?

எனக்குக் கோவம் மூக்கு நுனியில நிக்கும். ஊருக்கே தெரியும். ஆனா அந்தத் திருவிழாவுக்கு முந்துன நாலு நாளா நான் எல்லாரு மேலயும் எரிஞ்சு விழுந்தது கோவத்துல இல்ல, பயத்துல. இதை இப்பத்தான் வாய்விட்டுச் சொல்லுதேன்.

எங்க ஊரு கீழவைப்பாருக்குப் பக்கம், கடல் ஓரம். எழுவத்திநாலுல நயினார் வாத்தியார் பள்ளிக்கூடத்து மைதானத்துல நாட்டுப்பாட்டுத் திருவிழா வச்சாவ. மூணு மணிக்கு ஆரம்பிச்சு விளக்கு வைக்கதுக்குள்ள முடிச்சிரணும். ஒருத்தனும் குடிச்சிட்டு வரப்படாது, பச்சையா ஒரு பாட்டும் பாடப்படாது. பிள்ளைகுட்டியோட வாங்க, நடக்கமாட்டாதவங்களக் கட்டிலோட தூக்கிட்டு வாங்க, முன்வரிசை அவங்களுக்குத்தான்னு வாத்தியார் வீடுவீடாப் போயிச் சொன்னாவ. ஆத்தங்கரை ஊர்ல இருந்து வில்லுப்பாட்டுக்காரங்க லாரி பிடிச்சு வாராங்கன்னு பேச்சு. எங்க கரைக்கு என் தங்கச்சி மரியசெல்வி பேரு கொடுத்துட்டா. என்ன பாட்டுன்னு கேட்டா, கயித்துப் பாட்டாம்.

அது கல்யாணப் பாட்டு. சங்கு குளிக்கக் கடல்ல முங்குதவன் இடுப்புல கட்டுன கயித்த, வள்ளத்துல அவன் மச்சான்தான் பிடிக்கணும். பெஞ்சாதியோட கூடப்பொறந்தவன். கீழ இருக்கவன் கயித்தச் சுண்டி இழுத்தா உடனே மேல தூக்கிரணும். வேற எவன் கை அசந்தாலும் அவன் கை அசராது, தங்கச்சி தாலியில்லா அது! அதனால கல்யாணத்தன்னைக்குப் பொண்ணு பாடிக்கிட்டே வந்து, "கயிறு யாரு கையில?"ன்னு கேப்பா. அண்ணன்காரன் எந்திரிச்சு, "என் கையில"ன்னு சொல்லணும். செல்வி கேட்டப்ப நான் பந்தல் அதிரச் சொன்னேன். மாப்பிள்ளை ரோச் வெக்கப்பட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

செல்வி பேரு கொடுத்தப்ப, அந்த ரோச் செத்து வருசத்துப் பூசை முடிஞ்சு பத்து நாளுதான் ஆயிருந்துச்சு.

"ஏளா, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? புருசனக் கடலுக்குக் கொடுத்தவ கல்யாணப் பாட்டு பாடுனா ஊரு காறித் துப்பும்"னு கத்துனேன்.

அவ அரிசி பொடைக்கத நிறுத்தல. "துப்புனாத் துப்பட்டும். அண்ணன்காரன் பவுலே கயித்த விட்டுட்டான்னு கிணத்தடியில பேசுதாளுவ. எனக்குக் காது கூசுதுண்ணே. நான் எல்லாரு முன்னாலயும் கேக்கேன். நீ எந்திரிச்சு, என் கையிலதான்னு சொல்லு. தாலியறுத்த நானே கேட்டு, நீயே சொன்னபொறவு எவ வாயத் தெறப்பா?"

எனக்காகத்தான் பாடப்போறா! "நான் வரமாட்டேன், போ"ன்னு வாசல்ல கிடந்த பானைய ஒரு எத்து எத்துனேன். அது நொறுங்கிட்டு. ஒடைஞ்ச சில்லையும் அவதான் கூட்டி அள்ளுனா.

நடந்தது இதுதான். போன வருசமே இந்தத் திருவிழா வைக்கதா இருந்தாவ. நானும் பாடுததா இருந்துச்சு. வள்ளத்துல நாங்க மூணு பேரு: நான், ரோச், இனிகோ. ரோச் சங்கெடுக்க முங்கிட்டான். இனிகோ எனக்கு முதுகக் காட்டி உக்காந்து தண்ணி டின்னுல அடிக்க, நான் பாடிப் பழகுதேன். கைதட்டணும்லா? கயித்தக் கால் பெருவிரல்ல சுத்திக்கிட்டு ரெண்டு கையாலயும் தட்டுதேன், காலும் கூடத் தாளம் போடுது. திடீர்னு காலு பிசகுச்சு. "ஏலே இனிகோ, தாளம் தப்புதுல"ன்னு வைதேன். மறுபடி பிசகுச்சு, பிசகுனப்பல்லாம் வைதேன். பாட்டு முடிஞ்சு கயித்த இழுத்தப்ப, சும்மா கனமா வந்துச்சு. அவன் கணுக்கால் தோல் கிழிஞ்சு கிடந்துச்சு. பாறை இடுக்குல மாட்டியிருக்கான். நீரோட்டம் இழுத்துட்டுன்னு கரையில சொன்னேன். இனிகோவுக்கே தெரியாது, என் காலு எனக்கு மட்டுந்தானே தெரியும்.

வரமாட்டேன்னவன் போகத்தான் செஞ்சேன். நல்ல கூட்டம். முன்னால அஞ்சாறு கட்டிலு, அதுல கிடந்தவங்க மடியில கடலைமிட்டாய் தின்னுக்கிட்டுப் பிள்ளைக. வில்லுக்காரங்க சிரிக்க வச்சு வயித்தப் புண்ணாக்கிட்டுப் போயிருந்தாங்க. அதுக்குப் பொறவு செல்வி ஒரு நரைச்ச சேலையக் கட்டிக்கிட்டு மைக்கு முன்னால வந்து நின்னா.

"கல்லு போகுது ஆழம், கூடக்
கண்ணாளன் போறான் ஆழம்,
மேல நிக்குற கையே, என்
தாலி நிக்குது உம்மேல"

குரலு ஒரு இடத்துலகூட உடையல. பொம்பளைக முந்தானையால கண்ணத் தொடைச்சாளுவ. அவ பாட்ட நிறுத்தி, என்னத் தேடிப் பிடிச்சு, லேசாச் சிரிச்சா.

"கயிறு யாரு கையில?"

எந்திரிச்சேன். "என் கையில"ங்க ரெண்டு சொல்லுதான. அத நாலு நாளாத் தனியாச் சொல்லிச் சொல்லிப் பாத்து வச்சிருந்தேன். அந்தச் சிரிப்பப் பாத்ததும் அது வரல.

"கையில இல்ல செல்வி. கால்ல சுத்தியிருந்தேன். தாளம் போட்டுக்கிட்டிருந்தேன்."

ஆத்தங்கரைச் சனம் கொல்லுன்னு சிரிச்சிட்டு. இதுவும் வேடிக்கைப் பேச்சுன்னு நினைச்சிட்டாவ, பாவம். பிள்ளைக கைதட்டுச்சுக. எங்க கரைச் சனம் சிரிக்கல. இனிகோ தலையில கைய வச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துட்டான். அதப் பாத்து மத்தவங்க சிரிப்பும் ஒவ்வொண்ணா அடங்குச்சு. வாத்தியார் ஓடி வந்து மைக்க வாங்கப் பாத்தாவ, செல்வி கொடுக்கல.

"அவிய கயித்த எத்தன தடவ இழுத்தாவண்ணே?"

கட்டில்ல கிடந்தவங்களுக்கும் அது கேட்டுச்சு. ஒரு தடவைன்னு சொல்லியிருக்கலாம். தெரியலன்னு சொல்லியிருக்கலாம். ஆனா இனிகோவ எத்தன தடவ வைதேன்னு எனக்குத் தெரியுமே.

"மூணு"ன்னேன்.