ஆறு கல் கணக்கு

லிஃப்ட் கம்பெனியில் அவனை எல்லாரும் "ஆறு கல்" என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. அந்தப் பட்டப்பெயர் வந்த கதையைச் சொன்னால் சிரிப்பு வரும். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள். எனக்குச் சிரிப்பு வருவது நின்று பல நாள் ஆயிற்று.

புதிதாக ஒரு லிஃப்டை மாட்டினால், ஆளை ஏற்றுவதற்கு முன் அதில் பாரம் வைத்துப் பார்க்க வேண்டும். எட்டுப் பேர் ஏறுகிற லிஃப்ட் என்றால் ஐந்நூற்று ஐம்பது கிலோ. இதற்கென்றே இரும்பு எடைக்கற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ, மேலே ஒரு கைப்பிடி. இருபத்திரண்டு கல்லை உள்ளே அடுக்கி, இதுதான் முழுப் பாரம், இதற்கு மேல் ஏறினால் மணி அடி என்று லிஃப்டுக்குப் பாடம் சொல்லி வைப்பார்கள். கல்லைக் கிடங்கிலிருந்து வேனில் ஏற்றி, இறக்கி, உள்ளே தூக்கி, மறுபடி வெளியே தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும். ஃபோர்மேனுக்கு ஒருநாள் மூளை வேலை செய்தது. நம்ம ஆளோ நூற்றைம்பது கிலோ. அவனை உள்ளே நிறுத்தினால் ஆறு கல் மிச்சம்.

அன்றிலிருந்து பதினாறு கல்லும் அவனும். ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது. சோதனைப் படிவத்தில் மட்டும் "22 கல்" என்று எழுதி ஃபோர்மேன் கையெழுத்துப் போடுவார். உதவியாளர் என்ற இடத்தில் அவனும் போடுவான். எடைக்கல் கையெழுத்துப் போட்ட கம்பெனி உலகத்திலேயே அது ஒன்றுதான் இருக்கும்.

அவன் எப்போதும் கல்லாக இருந்தவன் இல்லை. லிஃப்ட் ஓடுகிற அந்த உயரமான இருட்டுப் பொந்தை ஷாஃப்ட் என்பார்கள். தோளிலும் தொடையிலும் பெல்ட் மாட்டிக்கொண்டு அதற்குள் தொங்கி வேலை செய்வதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. தண்டவாளம் ஒரு நூல் விலகியிருந்தாலும் சத்தத்தை வைத்தே எந்த மாடி என்று சொல்லிவிடுவான். உடம்பு ஏறிக்கொண்டே போனது. பெல்ட்டில் நூற்றிருபது கிலோ வரைதான் என்று தைத்திருந்தது. ஒருநாள் ஃபோர்மேன் பெல்ட்டை வாங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, "நீ கீழ நில்லுய்யா" என்றார். கீழே நின்றவனை மெல்ல மெல்லக் கல்லாக்கிவிட்டார்கள்.

அவன் வயிற்றைக் குறைக்கும் ஆபரேஷனுக்குப் போனது அந்தப் பெல்ட்டுக்காகத்தான். அழகுக்காக இல்லை, ஆயுசுக்காகக்கூட முதலில் இல்லை. சர்க்கரை, மூச்சு, முழங்கால் எல்லாம் டாக்டர் சொன்ன காரணங்கள். ஃபோர்மேனிடம் விடுப்புக் கேட்கப் போனபோது அவன் ஒன்றுதான் கேட்டான்.

"அண்ணே, எடை குறைஞ்சா பெல்ட் திரும்பக் கிடைக்குமா?"

"நூறுக்குக் கீழ வா. அடுத்த திங்கக்கிழமையே உன் தோள்ல மாட்டுறேன்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

மனைவியின் அண்ணன், அவனுக்கு மச்சான், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னது இது: "மாப்ளே, வாயைக் கட்ட முடியாம வயித்தை வெட்டிக்கிட்டீங்க. நோகாம ஒரு குறுக்கு வழி."

நோகாமலாம். கல்லீரல் சுருங்க வேண்டும் என்று ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் வெறும் தண்ணீர் ஆகாரம். வயிற்றில் ஐந்து ஓட்டை. ஆபரேஷனுக்காக உள்ளே அடைத்த காற்று தோள்பட்டையில் போய் உட்கார்ந்துகொண்டு கத்தியால் குத்தியது. ஆபரேஷன் ஆன அன்று மாலையே நர்ஸ் எழுப்பி, மருந்து பாட்டில் தொங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க வைத்தாள். மருந்து அளக்கிற குட்டிக் கப்பில் தண்ணீர். அதைக் குடித்து முடிக்கக் கால் மணி நேரம். ஒரு மாதம் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துத்தான். முதன்முதலில் ஒரு வேக வைத்த முட்டையைப் பழைய ஞாபகத்தில் நாலே வாயில் விழுங்கிவிட்டான். அது நெஞ்சில் நின்றுகொண்டது. குளியலறைச் சுவரில் சாய்ந்து, எச்சிலும் வியர்வையுமாக ஒரு மணி நேரம். மனைவி முதுகைத் தடவிக்கொண்டே, "இன்னொரு தடவை அவசரப்பட்டீங்கன்னா உங்க தட்டுல நான் ஸ்பூனுக்குப் பதிலா பல் குத்துற குச்சி வைப்பேன்" என்றாள். அவளுக்கும் கண்ணில் தண்ணீர்தான்.

நாலாவது மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வெயிலிலும் குளிர்ந்தது. வயிற்றுத் தோல் மடிப்பாகத் தொங்கி, மடிப்புக்குள் புண் வந்தது. இது குறுக்கு வழி என்றால் நேர் வழியில் மச்சான் ஒரு தடவை நடந்து காட்டட்டும்.

இதைவிட அவனுக்கு எரிச்சல் வந்தது சாப்பாட்டு மேசையில். இருபது வருஷம் அவன் தட்டில் விழுகிற ஒவ்வொரு கரண்டியையும் எண்ணிய அதே ஆட்கள், இப்போது போன வீட்டிலெல்லாம், "ஒரே ஒரு வாய், எனக்காக" என்று வற்புறுத்தினார்கள். சாப்பிட்டாலும் குற்றம், சாப்பிடாவிட்டாலும் குற்றம். அவன் வாய் என்ன ஊர்ப் பொதுச்சொத்தா?

இரண்டாவது மாத முடிவில் வேலைக்குத் திரும்பினான். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சீட்டே எழுதிக் கொடுத்திருந்தார். அப்போது நூற்று இருபத்தெட்டு கிலோ. முதல் நாளே ஒரு புது லிஃப்டில் பதினாறு கல்லை அடுக்கிவிட்டு, ஃபோர்மேன் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"அண்ணே, நான் இப்போ ஆறு கல் இல்ல. இருபத்திரண்டு கிலோ குறைஞ்சிருக்கேன்."

ஃபோர்மேன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பார்க்க அப்படியேதான்யா இருக்கே. ஏறு."

இருபத்திரண்டு கிலோ. இரண்டு மாதப் பட்டினி, ஐந்து ஓட்டை, அந்தத் தோள்பட்டைக் குத்தல். பார்க்க அப்படியேதான் இருக்கிறதாம். அவனுக்குக் காது வரை சூடேறியது. ஆனாலும் ஏறி நின்றான். ஏனென்றால் பெல்ட் அந்த ஆள் கையில் இருந்தது. வாயைத் திறந்து அதைக் கெடுத்துக்கொள்ள அவன் தயாராக இல்லை. இந்த இடத்தில் அவன் பக்கம் நியாயம் பேச எனக்கும் வாய் வரவில்லை.

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. நூற்றிருபது கிலோவில் ஒரு லிஃப்ட், நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று, நூற்று மூன்றில் ஒன்று. மொத்தம் ஒன்பது லிஃப்ட். ஒவ்வொன்றிலும் ஆறு கல்லாக நின்றான், ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டான். எட்டாவது மாதம் தராசு தொண்ணூற்றேழு காட்டியது. ஃபோர்மேன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். "திங்கக்கிழமை வந்து பெல்ட்டை வாங்கிக்கோ" என்றார். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை மூன்று தடவை சொன்னான்.

வியாழக்கிழமை ஒரு புகார் வந்தது. நாலு மாடி அலுவலகக் கட்டடம். எட்டுப் பேர் லிஃப்ட், எட்டுப் பேர் ஏறுவதற்குள் மணி அடிக்கிறது. அவனையும், கூட வேலை செய்கிற ஒல்லி என்பவனையும் அனுப்பினார்கள். கட்டடத்தைப் பார்த்ததுமே அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவன் நூற்றுப் பன்னிரண்டு கிலோவில் நின்ற லிஃப்ட்.

காலை ஒன்பது மணி. வேலைக்கு வருகிறவர்கள் வரிசையாக ஏறினார்கள். ஏழு பேர், பெரும்பாலும் காற்றடித்தால் பறக்கிற இளவட்டங்கள். எட்டாவது ஆளாக, மேல்மாடி கேன்டீனில் சமைக்கிற அம்மா, கையில் ஒரு காய்கறிப் பை. நல்ல கனத்த உடம்பு. உள்ளே ஒரு காலை வைத்தார். மணி அடித்தது.

ஏழு பேரும் அந்த அம்மாவைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். அந்த அம்மா முழுசாக உள்ளேகூட வராமல், சிரித்த முகத்தோடு காலைப் பின்னால் எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் ஒரே படியில் சேர்த்து வைத்துத்தான் ஏற முடிந்தது.

அந்தச் சிரிப்பு அவனுக்குத் தெரியும். அந்தக் கால் பின்வாங்குகிற விதமும் தெரியும். இருபது வருஷம் அவன் செய்தது அதைத்தானே. பின்னாலேயே ஓடி, படிக்கட்டின் முதல் திருப்பத்தில் அவன் அந்த அம்மாவைப் பிடித்தான்.

"அம்மா, தினமும் இப்படித்தான் அடிக்குதா?"

"என்னாலதான்பா. அந்தப் பிள்ளைங்க பாவம், லேட்டாயிடும். லிஃப்டுல ஒண்ணும் கோளாறு இல்ல, நீங்க அலையாதீங்க."

கீழே காவலாளியிடம் கேட்டான். அந்த அம்மா லீவில் இருந்த நாளிலும் எட்டுப் பேர் ஏறியபோது இரண்டு தடவை அடித்ததாம். "அன்னிக்கு மெஷின் ஏதோ மக்கர் பண்ணுதுன்னு நெனச்சோம்" என்றார் காவலாளி. எப்படி இருக்கிறது பாருங்கள். அந்த அம்மா இல்லாவிட்டால் மெஷினில் கோளாறு, இருந்தால் அந்த அம்மாவிடம் கோளாறு.

கோளாறு எங்கே என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பதினாறு கல் நானூறு கிலோ, அவன் நூற்றுப் பன்னிரண்டு. ஐந்நூற்றுப் பன்னிரண்டு கிலோவை வைத்துக்கொண்டு ஐந்நூற்று ஐம்பது என்று பாடம் சொல்லியிருக்கிறார்கள். லிஃப்ட் சொன்னதைக் கேட்டு நடந்திருக்கிறது. அவன் உடம்பிலிருந்து முப்பத்தெட்டு கிலோவை அவன் பாடுபட்டு இறக்கினான். அது நேராகப் போய் அந்த அம்மாவின் தலையில் உட்கார்ந்துவிட்டது.

ஃபோர்மேனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

"யோவ், ஒரு குண்டம்மா ஏறுது, மணி அடிக்குது. இதுக்கு ஒரு புகாரா? அதிக பாரம்னு எழுதி முடிச்சுட்டு வா."

"அதிக பாரம் இல்லண்ணே. என்னைத் தப்பாக் கணக்குப் போட்டிருக்கோம். ஒன்பது லிஃப்டுலயும்."

ஃபோர்மேன் குரல் மெதுவாக வந்தது. "ஒன்பது படிவத்துலயும் உன் கையெழுத்தும் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ. திங்கக்கிழமை பெல்ட் வேணுமா, வேணாமா? அதை மட்டும் யோசிச்சு எழுது."

அவன் யோசித்தான். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே யோசித்தான். எட்டு மாதம் கப்புக் கப்பாகத் தண்ணீர் குடித்தது இந்தத் திங்கட்கிழமைக்காக. அந்தப் பொந்துக்குள் தொங்கிக்கொண்டு, கம்பி முனகுவதைக் காது கொடுத்துக் கேட்கிற சுகம் வேறு யாருக்குப் புரியும்? மேலே படிக்கட்டில் அந்த அம்மா இன்னும் ஏறிக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடியில் நின்று மூச்சு வாங்குகிற சத்தம் கீழே வரை கேட்டது.

அவனுக்கு அப்போது வந்த கோபம் ஃபோர்மேன் மேல் மட்டும் இல்லை. அப்படியேதான் இருக்கே என்று சொன்னபோது ஏறி நின்றானே, அவன் மேலும்தான்.

புகார்ச் சீட்டை எடுத்து எழுதினான். "சோதனையின்போது ஆறு கல்லுக்குப் பதிலாக ஓர் ஆள் நின்றார். அந்த ஆளின் எடை நூற்றைம்பது கிலோ இல்லை. அந்த ஆள் நான். இதேபோல் சோதித்த மற்ற எட்டு லிஃப்டுகள் பின்வருமாறு." எட்டுக் கட்டடத்தின் விலாசமும் அவனுக்கு மனப்பாடம். கையெழுத்தைப் போட்டு, ஒரு நகலைக் கட்டட நிர்வாகியிடமே கொடுத்துவிட்டான். இனி யாரும் அதைக் கிழித்துப் போட முடியாது.

ஒல்லி தலையில் கை வைத்துக்கொண்டான். "பெல்ட் போச்சுய்யா."

"போகட்டும். கிடங்குக்குப் போய் கல்லை எடுத்துட்டு வரலாம் வா."

"எத்தனை?"

"இருபத்திரண்டு."

மறுநாள் காலை ஏழு மணிக்கே இருவரும் கல் தூக்க ஆரம்பித்தார்கள். டாக்டர் போட்ட தடை எப்போதோ முடிந்திருந்தது. ஆனாலும் பத்தாவது கல்லில் அவனுக்குக் கண் இருட்டியது. உட்கார்ந்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எழுந்தான். ஒவ்வொரு கல்லையும் வாய்விட்டு எண்ணி வைத்தான். ஒரு கல்லைத் தூக்கி இடுப்பில் வைத்தபோது, இப்படி இரண்டு கல்லையும் மேலே மூன்று கிலோவையும் தன் உடம்பிலிருந்து இறக்கியிருக்கிறோம் என்று நினைத்தான். யாரும் ஒப்புக்கொள்ளாத அந்த வேலையை அவன் கை ஒப்புக்கொண்டது. இருபத்திரண்டும் உள்ளே போன பிறகு லிஃப்டுக்குப் புதுப் பாடம் சொன்னான். கல்லை எல்லாம் வெளியே அடுக்கி முடிக்கும்போது மணி ஒன்பது ஆகப்போனது.

ஃபோர்மேன் போனில் ஒரு வரி அனுப்பியிருந்தார்: பெல்ட் கிடையாது, மற்ற எட்டு லிஃப்டையும் நீயே கல் தூக்கிச் சரி செய். அவன் படித்துவிட்டுப் பையில் போட்டான். நெஞ்சு வலித்தது. முட்டை நின்ற அதே இடத்தில்.

வரிசை வந்தது. ஏழு பேர் ஏறினார்கள். கேன்டீன் அம்மா தூரத்திலேயே படிக்கட்டுப் பக்கம் போகப் பார்த்தார்.

"அம்மா, இதுல வாங்க."

"வேணாம்பா."

"வாங்கம்மா. நான் சொல்றேன்ல."

அந்த அம்மா தயங்கித் தயங்கி வந்து ஒரு காலை உள்ளே வைத்தார். மணி அடிக்கவில்லை. அப்படியும் இன்னொரு காலை வெளியிலேயே வைத்துக்கொண்டு, அடிக்கப் போகிறது, அடிக்கப் போகிறது என்று காத்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்த ஏழு பேரும் அப்போதும் மணி இருக்கிற பக்கம் பார்க்கவில்லை. அந்த அம்மாவைத்தான் பார்த்தார்கள்.

அவன் கதவைக் கையால் பிடித்துக்கொண்டான். அந்த ஏழு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான், அவர்கள் கண்ணைத் தாழ்த்துகிற வரை.

"மணி அடிக்காதும்மா" என்றான். "அந்தக் காலையும் எடுத்து உள்ள வைங்க."