ரைஸ் மில் நின்றபோது

"தங்கம் நகர்றதா, மேஜை ஆடறதா?" என்று கேட்டுவிட்டு சுந்தரவரதன் சார் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார்.

என் ஆராய்ச்சியைச் சோதிக்கச் சென்னையிலிருந்து வந்திருந்தவர் அவர். சரி என்று எழுதிக் கொடுத்தால் நான் டாக்டர் கலா. இல்லாவிட்டால் ஐந்து வருட உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். எங்கள் கல்லூரி உத்திரமேரூரிலிருந்து பெருநகர் என்ற ஊருக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி ரைஸ் மில். நவரை நெல் அறுவடை முடிந்து மோட்டார் ஓயாமல் ஓடும் சித்திரை மாதம். மேஜையில் வைத்த டீயில்கூட அலை வட்டம் வட்டமாக வரும்.

மைக்ராஸ்கோப்பின் அடியில் இருந்தது என் ரத்தம்தான். காலையில் விரலைக் குத்தி எடுத்தது. அதில் உயிரோடிருந்த வெள்ளை அணு ஒன்று, நான் கலந்த தங்கத் துகளை விழுங்கியிருந்தது. சாதாரணமாகப் பார்த்தால் தெரியவே தெரியாத பொடி அது. பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து மற்றதையெல்லாம் இருட்டாக்கினால், துகள் சிதறடிக்கிற ஒளி மட்டும் பச்சைப் புள்ளியாகத் தெரியும். ஓட்டு இடுக்கில் விழுகிற வெயிலில் தூசி மின்னுகிற மாதிரி. அந்தப் புள்ளியை அணு தானே தன் நடுவுக்கு இழுத்துக்கொண்டு போகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

"மில்லைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்களேன்."

"கேட்டுட்டேன் சார். நெல்லு குவிஞ்சு கெடக்குது, உன் மைக்ராஸ்கோப்பா சோறு போடும்னு கேக்கறாங்க."

"அப்ப நான் எதை நம்பறது?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றது, மில் நின்றது, மைக்ராஸ்கோப் விளக்கும் அணைந்தது. அவர் பையை எடுத்தார். மின்வாரியத்தை நான் திட்டாத திட்டில்லை. மனசுக்குள் புதிதாக இரண்டு சேர்த்துக்கொண்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. மில் நின்றிருக்கிறது.

"உக்காருங்க சார்" என்றேன். பெரிய மனிதரிடம் பேசுகிற குரலா அது? அவர் உட்கார்ந்துவிட்டார். விளக்கு பன்னிரண்டு வோல்ட். கல்லூரி வேன் பேட்டரியும் அதேதான். ஓடினேன்.

டிரைவர் தானியேல் வேனில் படுத்திருந்தார். "இன்னா மேடம், பேட்டரிய கயட்டிட்டா சாயங்காலம் பசங்கள யாரு இட்டுக்கினு போறது? பேஜாராப் பூடும்."

"அதுக்குள்ள மாட்டிடலாம்ணே. இப்ப எனக்குத் தலையே போவுது."

என் முகத்தைப் பார்த்தவர் வேறெதுவும் கேட்காமல் ஸ்பேனரை எடுத்தார்.

ஒயரை மாற்றிச் செருகினேன். விளக்கு எரிந்தது. அறை கொதித்தது; ரத்தத்துக்கு அந்தச் சூடு வேண்டியதுதான். அணு செத்திருக்காது. செத்திருக்கக் கூடாது.

சார் குனிந்தார். வலது கை குமிழைத் திருகியது, இடது கை மேஜைமேல் இருந்தது. ஒருவர் பார்க்கத்தான் இடம். நான் நின்றேன்.

"நின்னுடுத்தும்மா" என்றார்.

மில் நின்றதும் தங்கமும் நின்றுவிட்டதா? ஐந்து வருடமாக நான் பார்த்ததெல்லாம் ரைஸ் மில்லையா? அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆனால் அவர் கண்ணை எடுக்கவில்லை. மேஜைமேல் அவருடைய ஆட்காட்டி விரல் மெல்ல நகர்ந்தது. நின்றது. அதே திசையில் மறுபடி நகர்ந்தது. அவருக்கே தெரியாமல் விரல் எதையோ பின்தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது.

"சார்?"

"சும்மா இருங்கோ."

கரண்ட் வந்துவிடக் கூடாதே என்று வாழ்க்கையில் முதல்முறையாகச் சாமியை வேண்டிக்கொண்டேன். வேண்டி முடிப்பதற்குள் வந்துவிட்டது. மோட்டார் உறுமியது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"நின்னிருந்த ஆட்டம் இப்ப மறுபடி வந்துடுத்து" என்றார் அவர், குனிந்தபடியே. "ஆனா ஆட்டம் வேற, நடை வேற. அது பாட்டுக்கு உள்ள போயிண்டிருக்கு."

பேட்டரிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். மேஜைமேல் அவர் விரல் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.