கண்ணாடித் தகட்டில் இரண்டு பொட்டு

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து காலாப்பட்டு ஆய்வுக்கூடம் திறந்ததும், சிந்துஜா லேசரைப் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தாள். நீர்த்துளிக்குள் கண்ணுக்கே தெரியாத சின்ன பிளாஸ்டிக் மணி ஒன்று ஒளி வளையத்தில் மாட்டிக்கொண்டு வலப்பக்கமாகச் சுற்றியது. வழக்கம்போலத்தான்.

லேசர் ஒளி ஒரு கண்ணாடித் தகட்டைக் கடக்கும்போது முறுக்கிக்கொண்டு வளையமாகிறது. அந்த முறுக்குதான் மணியைச் சுற்றவைக்கிறது என்று அவளும் பேராசிரியர் அரிகிருஷ்ணனும் எழுதிய கட்டுரை போன வருடம் அச்சில் வந்தது. அவளுடைய பிஎச்டியே அதன்மேல்தான் நின்றது. மாதக் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். மில் வேலை போய் வாட்ச்மேனாக இருக்கும் அப்பா கோவிந்தராசு, "எம்பொண்ணு டாக்டராவப் போவுது, ஊசி போடற டாக்டரு இல்ல" என்று நெல்லித்தோப்பில் பாதிப் பேரிடம் சொல்லி வைத்திருந்தார்.

அப்போதுதான் தகட்டின் சட்டம் அவள் கண்ணில் பட்டது. ஆய்வுக்கூட உதவியாளர் முருகையன் ஒவ்வொரு பூஜைக்கும் எல்லாவற்றையும் துடைத்து, முன்பக்க மேல் விளிம்பில் சந்தனமும் குங்குமமும் வைப்பார். லென்ஸ், கண்ணாடி எல்லாவற்றிலும் போன வருடக் கறையின் மேலேயே புதுப் பொட்டு இருந்தது. இந்தச் சட்டத்தில் மட்டும் புதுப் பொட்டு முன்பக்கம் மேலே, பழைய கறை பின்பக்கம் கீழே.

முருகையனைக் கேட்டாள். துடைப்பதற்காகக் கழற்றி மாட்டியதாகச் சொன்னார். சதுரச் சட்டம், எப்படி வைத்தாலும் உட்காரும்.

"ஏம்மா, ஒடஞ்சி கிடஞ்சி பூட்டுதா?"

"இல்லண்ணே. தலைகீழா மாட்டிட்டீங்க, அவ்ளோதான்."

"அவ்ளோதானா? மூஞ்சியப் பாத்தா எழவு வீட்டுலேருந்து வந்தாப்ல இருக்குது."

தகடு இப்படி முன்பின்னாகக் கவிழ்ந்தால் ஒளியின் முறுக்கும் எதிர்த்திசைக்கு மாறும். மணி இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. அப்படியானால் அதைச் சுற்றவைப்பது முறுக்கு இல்லை. எங்கோ சாய்ந்திருக்கும் லென்ஸாக இருக்கலாம், சூடேறிய தண்ணீரின் ஓட்டமாகவும் இருக்கலாம். தகட்டை நேராக்கினாள். வலப்பக்கம். மறுபடி கவிழ்த்தாள். வலப்பக்கம்தான். முதல் வருடமே செய்திருக்க வேண்டிய சோதனை இது. மணி சுற்றிய சந்தோஷத்தில் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு, முருகையன் பொட்டை எங்கே வேண்டுமானாலும் வைத்திருப்பார், அதை ஒரு ஆதாரம் என்று பேசலாமா என்றார். தானே கவிழ்த்துப் பார்த்ததை அவள் சொன்னாள்.

"மொதல்ல சப்மிட் பண்ணு. அப்பறம் பாத்துக்கலாம். இது வெளிய போனா எனக்கு மட்டும் இல்லம்மா, ஒனக்கும்தான்."

சாப்பிட்டுவிட்டு அவள் திரும்பியபோது முருகையன் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக் கடைசிப் பொட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சார் சொன்னாராம், தூசு சேருகிறதாம்.

"பூஜ போட்ட பொட்டு, தானா உதுரட்டும்னு சொன்னேன். கேக்கல."

சட்டம் பளபளவென்று இருந்தது. எது மேல், எது கீழ் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

இன்னும் ஒரு வருடம் ஆகும் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கட்டுரை தப்பு என்றால் ஒரு வருடத்தோடு முடியுமா என்பதும் தெரியவில்லை. சிந்துஜா நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துச் சட்டத்தின் முன்பக்க மேல் விளிம்பில் ஒட்டினாள். கேமரா ஓட ஆரம்பித்ததும் அந்தப் பொட்டைக் காட்டினாள். பிறகு அது பின்பக்கம் கீழே வரும்படி தகட்டைக் கவிழ்த்து மாட்டிவிட்டு, கேமராவைத் திரைப்பக்கம் திருப்பினாள்.

மணி வலப்பக்கமாகவே சுற்றியது. அவள் கேமராவை நிறுத்தவில்லை.