சாக்லேட் தின்ற அர்ச்சுனன்

"தப்பா எடுத்துக்காத முனிரத்தினம். இந்த வருசம் நீ ஒரு நெல்லு மூட்டைய விட எடை கொறஞ்சி இருந்தாதான் மரம் ஏறலாம்" என்று தர்மகர்த்தா வேதகிரி சொன்னபோது, காப்புக் கட்டிக்கொள்வதற்காக முனிரத்தினம் கையை நீட்டியபடி நின்றிருந்தான். பூசாரி மஞ்சள் துணியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. சுற்றி நின்ற சனங்கள் சிரித்தார்கள். முனிரத்தினமும் கூடவே சிரித்துவைத்தான். நாலு பேர் சிரிக்கும்போது தானும் சிரித்துவிட்டால் பாதி அவமானம் கழிந்துவிடும் என்பது கூத்தாடிக்குத் தெரியாதா?

மானாம்பதிக்கு அந்தப் பக்கம் உள்ள சின்ன ஊர் அது. வைகாசி பிறந்தால் திரௌபதியம்மன் திருவிழா. பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். அதிலே ஊரே திரண்டு நிற்கிற நாள் அர்ச்சுனன் தபசு. பனைமரத்தை வெட்டிச் சீவி, ஏறுவதற்குக் கட்டைகள் அடித்து, கோயிலுக்கு எதிரே மைதானத்தில் நட்டுவைப்பார்கள். அர்ச்சுனன் வேஷம் கட்டியவன் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பாட்டுப் பாடி உச்சிக்கு ஏறி, அங்கே கட்டியிருக்கும் பரணில் உட்கார்ந்து சிவனை நினைத்துத் தவம் செய்வான். பிறகு எலுமிச்சம்பழமும் வில்வமும் கீழே போடுவான். பிள்ளை வேண்டி வந்த பெண்கள் முந்தானையை விரித்து நிற்பார்கள். முனிரத்தினத்தின் அப்பன் கட்டிய வேஷம் அது. அப்பனுக்குப் பிறகு அவன்தான். கூலிக்கு ஏர் ஓட்டுகிறவன் வீட்டு வாசலில் அந்தப் பத்து நாள் மட்டும் பெரிய வீட்டு ஆட்கள் வந்து நின்று, "அர்ச்சுனன் கீறாரா?" என்று கேட்பார்கள். அவனுக்கு வாழ்க்கையில் கிடைத்த மரியாதை அவ்வளவும் அந்த மரத்தின் மேலேதான் இருந்தது.

உடம்பு போட்டதற்குக் காரணம் செங்கல்பட்டு. கூத்து இல்லாத மாதங்களில் அங்கே ஒரு மிலிட்டரி ஓட்டலில் விறகு பிளக்கப் போனான். முதலாளிக்குப் பாட்டென்றால் பைத்தியம். "ஒரு விருத்தம் எடுத்துவுடு" என்பார். பாடினால் எலும்புக் குழம்போடு ஒரு தட்டு சோறு வரும். முனிரத்தினத்துக்குப் பாட்டு நிறையத் தெரியும். இரண்டே வருஷத்தில் கவசத்தின் நாடா முதுகில் எட்டாமல் போய், கூத்து ஜமாவில் அபிமன்யு வேஷம் கட்டுகிற பெருமாள் ஒரு துண்டுக் கயிற்றைச் சேர்த்துத்தான் கட்டிவிட்டான்.

ஆனால் எடை மட்டும்தான் சங்கதி என்றால் முனிரத்தினம் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டான். போன வருஷம் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, இடது காலை வைத்த கட்டை சடக்கென்று விட்டது. ஒரு கணம் இரண்டு கையாலும் தொங்கினான். அதையும் கூத்து என்று நினைத்துக் கீழே ஊரே "கோவிந்தா, கோவிந்தா" என்று கும்பிட்டது. மரத்தடியில் நின்றிருந்த வேதகிரியின் காலடியில் கட்டையின் சிலாம்பு விழுந்ததால் அவருக்கு மட்டும் தெரியும். அவர் இந்த வருஷம் மூட்டைக் கணக்குப் பேசியது அதனால்தான். அர்ச்சுனன் விழுந்தால் ஊருக்கே சாமி குற்றம் அல்லவா?

கட்டை விட்ட அன்றையிலிருந்து முனிரத்தினத்துக்குப் பயம். கூரைக்குக் கீற்று வைக்க ஏணியில் நாலு படி ஏறினால் அதற்குமேல் போகாமல் இறங்கிவிடுவான். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, பெண்டாட்டி அம்முலுவிடம்கூட. எப்படிச் சொல்வது? சிவனிடம் பாசுபதம் வாங்கப் போகிறவன் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்றால் அப்புறம் எந்த முகத்தோடு கிரீடம் வைப்பது? தெருப் பிள்ளைகள்கூடச் சிரிக்கும். தடியன் என்று கேலி பேசினால் பொறுத்துக்கொள்ளலாம், பயந்தாங்கொள்ளி என்றால் செத்துப்போகலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

காப்புக் கட்டியதிலிருந்து ஊர் அவனுடைய வயிற்றைக் காவல் காத்தது. "அர்ச்சுனனுக்கு எதுவும் குடுக்காதீங்க" என்று கடைக்காரன்கூட எச்சரித்துவைத்தான். விரதத்தில் ஒரு வேளைதான் சோறு. மற்றபடி பாலும் பழமும் செல்லும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சும்மாவா சொன்னார்கள்? அம்முலு அந்த ஒரு வேளையையும் கொள்ளுக் கஞ்சியாக்கிவிட்டாள். காலையில் ஏரியைச் சுற்றி நடக்கச் சொன்னார்கள், நடந்தான். வயிறு ஓயாமல் கத்தியது. வாங்கிக்கட்டிக்கொண்ட கேலியெல்லாம் போதாதென்று அதுவும் சேர்ந்துகொண்டது.

அப்படி ஒரு நாள் உத்திரமேரூருக்கு அரிதாரம் வாங்கப் போனபோதுதான் நசுருதீன் பாய் கூப்பிட்டார். பாய்க்குக் கடைத்தெருவில் நெல் மண்டி. வயசுப் பிள்ளையாக இருந்தபோது முனிரத்தினம் அங்கே மூட்டை தூக்கியிருக்கிறான். தபசு பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வருகிற கூத்துப் பிரியர் அவர். சிங்கப்பூரிலிருந்து மச்சான் வந்திருக்கிறார் என்று சொல்லி, காகிதம் சுற்றிய பட்டைகள் சிலவற்றை அவன் துண்டில் போட்டார்.

"சாக்லேட்டுப்பா. ராவெல்லாம் கத்துறியே, தொண்டைக்கு எதமா இருக்கும். வச்சிக்க."

ஏரிக்கரையில் வரும்போது ஒன்றைப் பிரித்தான். வெளியே சிவப்புக் காகிதம், உள்ளே வெள்ளித் தாள். வெயிலில் இளகி, விரலில் மண்ணின் நிறத்தில் ஒட்டியது. நாக்கில் வைத்ததும் அது பல்லுக்கு வேலையே கொடுக்கவில்லை. வெல்லம் சுருக்கென்று இனிக்கும். இது மெல்லக் கரைந்து, கொஞ்சம் கசந்து, அந்தக் கசப்புக்குப் பின்னாலிருந்து இனித்தது. கண்ணை மூடிக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். வெள்ளித் தாளை நக்கி முடித்த பிறகுதான் கையில் கட்டியிருந்த காப்பு கண்ணில் பட்டது. திக்கென்றது. விரதம்!

காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுத்து அவனுக்குப் புரியாது. ஆனால் அதில் ஒரு பசுமாட்டின் படம் இருந்தது. மடி பெருத்த நல்ல கறவை மாடு. அப்பாடா என்றிருந்தது. மாடு போட்டிருந்தால் பால். பால் விரதத்துக்குச் செல்லும். சிங்கப்பூர்க்காரன் பாலைக் காய்ச்சி இறுக்கிக் கட்டியாக்கி இருக்கிறான், அவ்வளவுதானே? அம்மனுக்கு இருந்த இடத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டான். விரதம் இருக்கிறவனுக்கு ஞாயம் கண்டுபிடிக்கச் சொல்லியா தரவேண்டும்?

மிச்சத்தை வீட்டில் தண்ணீர்ப் பானைக்கு அடியில், ஈர மணலுக்குள் புதைத்துவைத்தான். அங்கேதான் வெயிலுக்கு இளகாது. தினமும் பிற்பகலில் அம்முலு களை எடுக்கப் போன பிறகு பானையைச் சாய்த்து ஒரு துண்டு எடுப்பான். அந்த ஒரு துண்டு கரைகிற நேரத்துக்கு மரம் ஞாபகம் வராது. தின்கிற ஒவ்வொரு துண்டும் தன்னை மரத்திலிருந்து இறக்கிவிடுகிறது என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. காலையில் கோயிலில் நின்று, "எடை கொறையணும் தாயே" என்று வேண்டினான். பிற்பகலில் பானையைச் சாய்த்தான். இரண்டையும் மனதாரத்தான் செய்தான்.

எடை பார்க்கும் நாளுக்கு முந்தின நாள் ஏரியில் குளித்துவிட்டு வந்தபோது, பானை வெளியே கவிழ்த்துக் கிடந்தது. அம்முலு அதைத் தேய்க்க எடுத்திருக்கிறாள். மணலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிப் பட்டையைக் கையில் வைத்திருந்தாள்.

"இன்னாய்யா இது?"

"சாக்லேட்டு. பாய் குடுத்தாரு. பாலுதான் அம்முலு, மாட்டுப் படம் போட்டுக்கீது பாரு."

அவள் படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கத்தப்போகிறாள் என்று அவன் காத்திருந்தான். இத்தனை நாளாகக் கொள்ளு ஊறவைத்து வேகவைத்தவள், கத்தினாலும் நியாயம்தான். அவள் ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.  

"நல்லா கீது" என்றாள். இன்னொரு துண்டை ஒடித்து அவனிடம் நீட்டினாள். "நீயும் துன்னு."

"எடை?"

"துன்னுய்யா. நீ தூக்கத்துல மரத்தப் புடிக்கிற மாதிரி என் கையப் புடிக்கிற. போன வருசத்துலேர்ந்து அப்டித்தான். எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீறியா?"

முனிரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மேடையில் எத்தனையோ தடவை அழுதிருக்கிறான், அதற்கெல்லாம் பாட்டு உண்டு. இதற்கு ஒன்றும் வரவில்லை. அவள் கொடுத்ததை வாங்கித் தின்றான். பட்டை தீரும்வரை இரண்டு பேரும் மாறி மாறி ஒடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் நசுருதீன் பாயின் மண்டியில் தராசு. மேல் விட்டத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு, மனிதனே உட்காரலாம். வேதகிரியோடு பூசாரியும் ஊரிலிருந்து பத்திருபது பேரும் வந்திருந்தார்கள். ஒருவேளை வாத்தியார் முனிரத்தினத்தால் ஏற முடியாவிட்டால் தான் ஏறவேண்டும் என்பதால் பெருமாளும் வந்து ஓரமாக நின்றான். ஒல்லியான பையன், பாட்டெல்லாம் முனிரத்தினம் சொல்லிக்கொடுத்தது. அவன் முகத்தில் ஆசையும் இருந்தது, வாத்தியாருக்காக வருத்தமும் இருந்தது.

வாசலில் அப்போதுதான் இறக்கிய நெல் மூட்டைகளில் ஒன்றைத் தூக்கி ஒரு தட்டில் வைத்தார்கள். முனிரத்தினம் அம்மனை நினைத்து மறு தட்டில் சம்மணம் போட்டான். சங்கிலி முறுகியது. மூட்டை மெல்ல இறங்கியது. அவன் மேலே போனான்.

"கோவிந்தா" என்றார் ஒருவர். வேதகிரி முகமெல்லாம் மலர்ந்து மேல்துண்டை உதறினார். "கொள்ளு வேல செஞ்சிட்ச்சி" என்றார்கள். முனிரத்தினத்துக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. தரையிலிருந்து ஒரு முழ உயரம்தான் இருக்கும். அந்த ஒரு முழத்துக்கே சங்கிலியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நாளைக்கு இதே கைதான் பனைமரத்தைப் பிடிக்கவேண்டும். செத்தோம் என்று நினைத்துக்கொண்டான். இனி யார் வந்து காப்பாற்றுவது?

தட்டிலிருந்து இறங்கியவன், தோற்றவன் நடையில் மூட்டையிடம் போனான். பழைய பழக்கம், கை தானாகச் சாக்கின் வாய்க்குள் போயிற்று. உள்ளே நெல் குளுகுளுவென்று இருந்தது. நாலு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தான். நொறுக்கென்று உடையவில்லை, மாவாக நசுங்கியது. இரண்டு நாள் முன்னால் அடித்த கோடை மழையில் களத்தில் நனைந்த நெல். அதை அப்படியே அள்ளிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்திருந்தால் மரம். அவன் திரும்பினான்.

"நைனா, இது செல்லாது. நெல்லு ஈரம்."

வேதகிரிக்குப் புரியவில்லை. "ஈரமா இருந்தா இன்னாடா? உனுக்கு நல்லதுதானே?"

"சாமி காரியம் நைனா. ஈர நெல்லு எடை கூடக் காட்டும். காஞ்ச மூட்டைதான் கணக்கு."

 பாய் உள்ளேயிருந்து போன போகத்துப் பழைய நெல் மூட்டை ஒன்றைத் தூக்கிவரச் சொன்னார். முனிரத்தினம் மறுபடியும் தட்டில் உட்கார்ந்தான். மூட்டையை வைத்தார்கள். இவன் தட்டு தரையைவிட்டு அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அசையவே இல்லை. உட்கார்ந்திருந்த தரை அவ்வளவு உறுதியாக, அவ்வளவு சொந்தமாக அவனுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. ஒரு வருஷமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த மூச்சை அங்கேயே விட்டான். சுகமாக இருந்தது.

"தனுக்குக் கெடைக்க வேண்டியத தானே வாணான்னுட்டான் பாரு. அர்ச்சுனன்னா இவன்தான்யா" என்று வேதகிரி தழுதழுத்தார். மூன்று நாலு பேர் முனிரத்தினத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அவன் வேண்டாம் வேண்டாம் என்று காலை இழுத்துக்கொண்டான். இதைவிட அவனால் என்னதான் செய்யமுடியும்? பெருமாள் கிட்டே வந்து, "வாத்யாரே" என்று மட்டும் சொன்னான். முனிரத்தினம் தன் கையிலிருந்த காப்பை அவிழ்க்கச் சொல்லி, பெருமாளின் கையை எடுத்துப் பூசாரியிடம் நீட்டினான்.

தபசன்று விடியலில், பொழுது கிளம்பும் நேரத்துக்குப் பெருமாள் மரத்தில் கால் வைத்தான். முனிரத்தினம் கீழே மத்தளக்காரன் பக்கத்தில் நின்று பின்பாட்டுப் பாடினான். பையன் ஒரு அடி பாட, அதை வாங்கி இவன் நீட்டிக் கொடுக்க, அந்த நீட்டலுக்குள் பையன் அடுத்த கட்டைக்குப் போய்விடுவான். இவன் குரல் அன்றைக்கு நன்றாக இருந்தது. பெருமாள் உச்சிக்குப் போய்ப் பரணில் உட்கார்ந்து கைகூப்பிய பிறகுதான் பாட்டு நின்றது. முனிரத்தினம் அப்போதுதான் நிமிர்ந்து நன்றாகப் பார்த்தான். அப்பனுக்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அந்த மரத்தை ஆள் ஏறிய பிறகு கீழேயிருந்து அவன் பார்த்ததில்லை. கிரீடமும் தோளில் புஜகீர்த்தியுமாகப் போன பெருமாள் ஒரு காக்கை அளவுக்குத்தான் தெரிந்தான். காற்றுக்கு மரம் லேசாக ஆடியது.

அம்முலு பெண்கள் பக்கத்திலிருந்து வந்து அவனருகில் நின்றாள். அவன் அண்ணாந்தபடியே கேட்டான்.

"நானு இத்தினி ஒசரத்துலயா குந்திக்கினு இருந்தேன்?"

"ஆமா" என்றாள் அம்முலு. "வருசா வருசம் நான் இங்கதான் நின்னுக்கினு இருந்தேன்."

முனிரத்தினம் மரத்திலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்தான். அவளும் புடவையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கிழக்கு வெயிலில் மரத்தின் நிழல் மைதானம் முழுக்க நீண்டு, கூட்டத்தைத் தாண்டி, நெல் அறுத்த வயல்வரைக்கும் போயிருந்தது. அதன் நுனியில் பெருமாள் கையை வீசிய நிழலும், அதிலிருந்து பிரிந்து விழுந்த எலுமிச்சம்பழத்தின் நிழலும், தாளடிகளின் மேல் ஓடி மறைந்தன.