இன்ஜின் மாட்டும் பலகை

கேட்கமாட்டாரா, அதைக் கேட்கவே மாட்டாரா என்று காலை ஏழரையிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறேன், மற்றதையெல்லாம் கேட்கிறார் மனுஷன், இன்ஜினுக்கு எண்ணெய் எப்போது மாற்றுவீர்கள், பாட்டரி எத்தனை நாள் நிற்கும், லைசென்சு எந்த ஆபீசில் புதுப்பிப்பது, ஒரு குட்டி நோட்டில் எழுதியும் கொள்கிறார், நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவராம், எழுதாமல் எப்படி இருப்பார்… ஆனால் அந்தப் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படகின் பின்னால் இன்ஜினை மாட்டியிருக்கிறோமே, அந்தப் பலகை. வெளியே ஃபைபர், உள்ளே மரம், உள்ளே இருக்கிற மரம் உளுத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது. விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினால் போதும், நல்ல பலகை டொக்கென்று சொல்லும், இது பொத்தென்று சொல்லும். ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் பால் வெட்டியவன் நான், பட்டைக்குள்ளே என்ன இருக்கிறது என்று கத்தி முனையிலேயே தெரிந்துகொண்டவன், எனக்குத் தெரியும். இராஜசிங்கம் சாருக்குத் தெரியாது. ஈப்போவில் வீடு, பென்ஷன், ஓய்வுக்குப் பிறகு ஒரு மீன்பிடி படகு வேண்டுமென்று ஆசை, என் படகை வாங்க வந்திருக்கிறார், இன்றைக்கு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதாக ஏற்பாடு. தட்டிப் பாருங்களேன் சார், உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

மறைத்தவன் நான்தான், மறுக்கவில்லை. விரிசலில் பசையை ஊற்றி, காயவிட்டு, தேய்த்து, மேலே நீலப் பெயிண்ட் அடித்தேன், அதுவும் பாகான் செராய்க் கோயிலில் மாதா கெபிக்கு அடித்துவிட்டு மிச்சமான பெயிண்ட், ஃபாதரே எடுத்துக்கொள்ளச் சொன்னார், எதற்கென்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விற்றாக வேண்டும். வீட்டில் இசபெல்லா பாதிச் சாமானைக் கட்டி வைத்துவிட்டாள். ஜோகூரில் மகள் ஷார்மேன் வீட்டோடு போய் இருப்பதாகப் பேச்சு, போன நவம்பரில் நான் தண்ணீரில் விழுந்ததிலிருந்து இதே பேச்சுதான். தனியாக வந்து, மழையில் கால் வழுக்கி விழுந்து, தாழை மாதிரி இருக்கிற ராசாவ் புதரைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தொங்கினேன், இலையில் இருக்கிற முள்ளெல்லாம் கையில் ஏறிவிட்டது, பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர் ஒருவர் படகில் வந்து தூக்கினார். அன்றிலிருந்து இசபெல்லாவுக்கு நெஞ்சுப் படபடப்பு, நான் ஏரிக்குப் போனால் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், கஞ்சிகூட இறங்காது. இன்னொரு வருஷம் இப்படி இருந்தால் நான் செத்துப்போவேங்க என்று ஒருநாள் சாதாரணமாக, பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். படகு விற்றதும் கிளம்பிவிடலாம் என்று சொன்னவன் நான். என் வாயால் சொன்னது.

எனக்கும்தான் அலுத்துவிட்டது, அலுக்காமல்? பதினான்கு வருஷம். முதுகு போச்சு, இரண்டு காதிலும் இன்ஜின் சத்தம் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது, வெயில் பட்டுப் பட்டு மூக்கில் ஒரு கறுப்பு. படகு வைத்திருப்பவன் சும்மா மீன் பிடித்துக்கொண்டு ஜாலியாக இருப்பான் என்று எல்லோருக்கும் நினைப்பு. இன்ஜின் விசிறியில் பாசி சுற்றிக்கொண்டால் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி அறுப்பது யார்? வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் ஏரி இறங்கும், நேற்றுவரை கண்ணுக்குத் தெரியாத கட்டைகளெல்லாம் இன்றைக்கு அடியில் முட்டும், அதையெல்லாம் மனசுக்குள் குறித்து வைத்துக்கொள்வது யார்? படகை வாடகைக்கு எடுத்துத் தூண்டில் போட வருகிறவர்கள் ஆறு மணிக்கு வருகிறேன் என்று எட்டு மணிக்கு வருவார்கள், மீன் வாய் திறக்கிற நேரம் போயிருக்கும், நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து என் படகு முழுக்கச் சம்பல் சிந்துவார்கள், அப்புறம் தோமான் மீன் எங்கே, தோமான் எங்கே என்று என்னையே கேட்பார்கள், நான் என்ன பையில் போட்டா வைத்திருக்கிறேன்? ஒன்றும் கிடைக்காமல் வெறுங்கையாகத் திரும்பினால் அதற்கு இங்கே கும்பாவ் என்று பேர், கும்பாவ் ஆனால் போட்மேனுக்கு இடமே தெரியவில்லை என்று ஃபேஸ்புக்கில் எழுதுவார்கள். கிடைத்துவிட்டால் மட்டும் அவர்கள் கைராசி. போதும்டா சாமி என்று எத்தனை முறை இதே இடத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன்.

சார் நல்ல மனுஷர், அதுதான் தொல்லை. மிஸ்டர் கஸ்பார், மிஸ்டர் கஸ்பார் என்று கூப்பிடுகிறார், என்னை மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டது அவருக்கு முன்னால் வங்கிக்காரன் ஒருவன்தான். தூண்டிலை எறியத் தெரியவில்லை, இரண்டு தடவை புதரில் மாட்டினார், நான் போய் எடுத்துக் கொடுத்தால் மன்னிக்கோணும் என்கிறார், யாராவது போட்மேனிடம் மன்னிப்புக் கேட்பார்களா? தன் மனைவி சரோஜாதேவிக்கு முதலில் தண்ணீர் என்றாலே பயமாம், இப்போது அவரும் வருவதாகச் சொல்கிறாராம், ஸ்கூல் லீவுக்கு பேத்தி வந்தால் அவளையும் ஏற்றிக்கொண்டு வரப்போகிறாராம், சின்ன சைஸ் லைஃப் ஜாக்கெட் எங்கே வாங்கலாம் என்று கேட்டு அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். சின்ன சைஸ். முழு வேகத்தில் போகும்போது ஒரு கட்டையில் இடித்தால் அந்தப் பலகை பிடிக்குமா? இன்ஜினோடு பிய்ந்துகொண்டு போனால் பின்பக்கம் முழுக்கத் திறந்துவிடும், ஒரு நிமிஷம் ஆகாது. நான் மெதுவாகப் போகிறவன், எனக்குத் தாங்கியது. அவருக்குத் தாங்குமா? ஆனாலும் வாயைத் திறக்கவில்லை நான், பேத்தியைப் பற்றிக் கேட்டபிறகும் திறக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ள வேண்டும், அப்புறம் தேவைப்படும்.

கொஞ்சம் நான் ஓட்டிப் பார்க்கலாமோ என்று கேட்டார். கேட்கத்தானே வந்திருக்கிறார், எழுந்து இடம் விட்டேன், முன்பக்கம் போய் உட்கார்ந்தேன். பதினான்கு வருஷத்தில் என் படகின் முன்பலகையில் நான் உட்கார்ந்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது, இங்கிருந்து பார்த்தால் தண்ணீர் வேறு மாதிரி இருக்கிறது, கிட்டே, அகலமாக… வருகிறவர்களெல்லாம் இதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்களா? கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும், புதுசாகப் பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் அதில் குழம்பும், ஒருமுறை ஓர் ஆசிரியர் நேராக மரத்தில் கொண்டுபோய் ஏற்றினார். இவரும் தப்பாகத் திருப்புவார், பயந்துபோய், வேண்டாம் மிஸ்டர் கஸ்பார் நீங்களே பிடியுங்கோ என்பார் என்று நினைத்தேன். ஒரே ஒருமுறை தடுமாறினார். அப்புறம் பிடித்துக்கொண்டார். ராசாவ் புதர்களுக்கு நடுவே அந்தக் குறுகலான வழி, நான் ஒரு மாதம் பழகிய வழி, அதில் மெதுவாக, அழகாக, ஒரு இலைகூட உரசாமல் கொண்டுபோனார். முகத்தைப் பார்த்தேன். அறுபது வயசுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்து இல்லை, தனக்குள்ளே. இன்ஜினும் அவர் கைக்கு என்னமாய்ப் படிந்து பாடியது, எனக்குப் பாடுகிற அதே குரலில். எனக்கு எரிந்தது. ஆமாம், எரிந்தது, வேறு எப்படிச் சொல்ல?

அப்போதுதான் சொன்னேன். “சார், கொஞ்சம் நிறுத்துங்க. அந்தப் பின்னால பலகை உள்ள உளுத்துப்போச்சு. நான் பெயிண்ட் அடிச்சு மறைச்சேன்.”

இன்ஜினை நிறுத்தினார். சட்டென்று ஏரி அமைதியாகிவிட்டது, தூரத்தில் ரயில் போகிற சத்தம் மட்டும். திரும்பி, விரல் முட்டியால் தட்டினார், பொத்து, இன்னொரு தடவை தட்டினார், பொத்து. நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நெஞ்சுக்குள் ஒரு பாரம் இறங்கி, அடடா, இவ்வளவு லேசா என்று இருந்தது, நல்லவனாக இருப்பது எவ்வளவு சுலபம், பேத்தி பிழைத்தாள், நானும் பிழைத்தேன், பேச்சு முடிந்தது, இனி மனுஷர் கோபமாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும், வாங்கிக்கொள்கிறேன். சார் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது மிஸ்டர் கஸ்பார். இப்படிச் சொல்லுற ஆளிட்டதான் வாங்கோணும். பலகையை நான் மாத்திக்கொள்ளுறேன், படகு எனக்கே இருக்கட்டும்” என்றார்.

அப்படியென்றால் விற்றாயிற்று. சொல்ல வேண்டியதைச் சொல்லியும் விற்றாயிற்று, இதைவிட ஒருவனுக்கு என்ன வேண்டும்? இசபெல்லா கேட்டால் ஜெபமாலையைக் கையில் எடுப்பாள், ஷார்மேன் அடுத்த வாரமே லாரி அனுப்புவாள். கையை நீட்டினார் சார், நான் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. “பலகை மட்டும் இல்ல சார்” என்று ஒரு குரல் வந்தது. “இன்ஜினும் சரியில்ல. ஓடிக்கிட்டே இருக்கும்போது நடு ஏரியில நின்னுடும். அம்மாவையும் பேத்திப் புள்ளையையும் ஏத்திட்டு வராதீங்க.” என் குரல்தான். பொய். பதினான்கு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அந்த இன்ஜின் என்னை நடு ஏரியில் விட்டதில்லை, காலையில் ஒரே இழுப்பில் பிடித்ததை அவரே பார்த்தார். ஆனால் அப்போதுதான் உண்மை சொன்னவன் ஆயிற்றே நான், நம்பாமல் என்ன செய்வார்? நீட்டிய கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டார். நோட்டையும் மூடிப் பையில் போட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் நான்தான் ஓட்டினேன்.

படகுத்துறையில் இறங்கும்போது என் தோளைத் தொட்டார், உங்களுக்குக் கடவுள் குறை வைக்கமாட்டார் என்றார், அதைக் கேட்டுக்கொண்டும் நின்றேன். அவர் கார் ரோட்டில் ஏறி மறைகிறவரை பார்த்துவிட்டு இசபெல்லாவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். என்னா சொன்னாரு என்றாள். பலகை விஷயத்தைச் சொல்லிவிட்டேன், அவர் வேண்டாமென்று போய்விட்டார் என்றேன், அவ்வளவுதான் சொன்னேன், நடுவில் இருந்ததைச் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, அழுகிறாளோ? அப்புறம் பேசினாள்.

“நல்லதுதான் செஞ்சீங்க. அந்த மனுஷன் குடும்பத்துக்கு ஏதாச்சும் ஆயிருந்தா ஜோகூர் போயி நம்மளால ஒரு வாய் நிம்மதியா சாப்ட முடியுமா? விடுங்க. இன்னொருத்தர் வருவாரு. நான் ஷார்மேன்கிட்ட சொல்லிக்கிறேன், கொஞ்சம் லேட்டாகும்னு.”

லேட்டாகும்… அவளுக்கு அது லேட். இன்னொரு வருஷம் தாங்கமாட்டேன் என்று சொன்னவள் எனக்காக அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறாள், என் நேர்மைக்காக. இசா, என்றேன். என்னாங்க என்றாள். சொல்லியிருக்கலாம், வாய்வரை வந்தது. பசிக்குது, வந்துர்றேன் என்றேன். சரி, வெயிலுக்கு முன்னால வாங்க என்று இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நான் கேட்கவில்லை. இன்னொருத்தர் வருவார், அதுவும் சரிதான், அதற்குள் பலகையை மாற்றித்தான் ஆகவேண்டும், மாற்றிவிட்டால் அப்புறம் அதைச் சொல்லி விரட்ட முடியாது, இன்ஜின் சரியில்லை என்றால் ஓட்டிக் காட்டு என்பான், காட்டினால் ஓடிவிடும், அப்போது அவனிடம் வேறு என்ன சொல்வது… போன் காதிலேயே இருந்தது, இசபெல்லா பேசிக்கொண்டே இருந்தாள், நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.