கடலுக்குப் போன சுரூபம்

நாசரேத்துக்காரர் ஜெபசீலனுக்கு வாயில் சனி. இல்லாவிட்டால், ஆறு வருஷமாகத் தற்காலிக வாத்தியாராகவே காலம் தள்ளிவிட்டு, வேலை நிரந்தரமாக ஒரே ஒரு கையெழுத்து பாக்கி என்கிற நேரத்தில், டி.என்.ஏ. பாடத்துக்குள் மாதாவை இழுத்திருப்பாரா?

புன்னைக்காயலுக்குத் தெற்கே இருந்த இன்னாசித்துறைப் பள்ளிக்கு எழுபத்தெட்டில் பிளஸ் டூ வந்தது. கூடவே இந்தப் பாடமும் வந்தது. வடம் போல முறுக்கிய இரண்டு இழை, அடினினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைட்டோசின் என்று கரும்பலகையில் வரைந்தார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். விட்டுத் தொலையட்டும் என்று இருந்திருக்கலாம். மனுஷனுக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளையளா, திருநாளுக்கு உங்க மாதா சுரூபம் வள்ளத்துல கடலுக்குப் போகுதுல்லா? பீடத்துக் கூட்டுல இருக்க பழசா போகுது? அது பூட்டுக்குள்ள பத்திரமா இருக்கு. அதப் பாத்துச் செஞ்ச நகல்தான் போகுது. டி.என்.ஏ.யும் உட்கருவ விட்டு வெளிய வராது. அதுல ஒரு இழையப் பாத்து எழுதுன நகல்தான் ஆர்.என்.ஏ. அது வெளிய போயி, ரைபோசோம்ல புரதம் செய்ய வழி சொல்லுது. நகல்ல ஒரு சின்ன மாத்தம் உண்டு. தைமினுக்குப் பதிலா யுராசில். பழைய மாதா பாலன் ஏசுவ இடக்கையில வச்சிருக்கு, நகல் வலக்கையில வச்சிருக்குல்லா, அது மாதிரி."

வகுப்பு விழித்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் ஊரும் விழித்துக்கொண்டது.

போவது நகல் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று ஒருவரும் வாய் திறந்ததில்லை. காரணம், மாதாவை ஏற்றும் உரிமை தலைமுறையாக ரோச் வீட்டு வள்ளத்துக்கு. 'மூல மாதா உட்கார்ந்த வள்ளம்' என்று சொல்லிச் சொல்லியே மகள்களைப் பெரிய இடங்களில் கட்டிக்கொடுத்தவர் ரோச். கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். அவர் தலையாட்டினால்தான் பள்ளிக்கூடத்தில் எந்தக் கையெழுத்தும் விழும்.

"ஓய் வாத்தியாரே, எங்க வள்ளத்துல போறது பொம்மையா?" என்று பள்ளிக்கூட வாசலிலேயே கத்தினார். "திருநாளன்னைக்கு வள்ளம் கெளம்புன பொறவு பீடத்துக் கூட்டத் தெறந்து காட்டச் சொல்லுதேன். காலியா இருந்துச்சுன்னா, ஊர் முன்னால மன்னிப்புக் கேட்டுட்டு நாசரேத்துக்குப் பஸ் ஏறிரணும்."

கூடு காலியாக இருக்க வேண்டுமென்றால் மூலமே கடலுக்குப் போயாக வேண்டும். வீம்புக்கு ஏது மூளை? கரையான் குடித்தனம் நடத்திய அந்தப் பழைய மரச் சுரூபத்துக்குப் பட்டு சுற்றி வள்ளத்தில் ஏற்றினார்கள். நகலை ஊருக்குள் எங்கே ஒளித்தாலும் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, அதையும் பாய்த்துணியில் சுருட்டி வள்ளத்தின் அடியிலேயே போட்டார்கள்.

ரோச் ஏறிய வள்ளம் கிளம்பியதும் கமிட்டிக்காரர்கள் கூட்டைத் திறந்தார்கள். காலி. ஊரே ஜெபசீலனைப் பார்த்துச் சிரித்தது. அவர் மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டே கரையில் நின்றார்.

வள்ளம் திரும்புகையில் ஒரு அலை அடித்தது. பெரிய அலைகூட இல்லை. வள்ளம் சாய்ந்தது, உளுத்துப்போன சுரூபம் துண்டு துண்டாகக் கடலில் விழுந்தது. பட்டு மட்டும் மிதந்தது. வள்ளத்தில் ஒரே கூச்சல். பிறகு ரோச் குனிந்தார், பாய்த்துணியை அவிழ்த்தார்.

கரைக்கு வந்த மாதா பாலனை வலக்கையில் வைத்திருந்தாள். அத்தனை பேரும் பார்த்தார்கள். அத்தனை பேரும் முழங்காலிட்டார்கள்.

நனைந்து நடுங்கியபடி ரோச் வந்து ஜெபசீலனின் தோளைப் பிடித்தார். மிரட்டல் எல்லாம் கரைந்து, கண்ணில் கெஞ்சல்தான் மிச்சமிருந்தது.

"ஊர் முன்னால சொல்லும் ஓய், எத்தன மாதா?"

ஜெபசீலனுக்கு எல்லாம் புரிந்தது. உண்மையைச் சொல்லும் ஆசை தொண்டை வரை வந்தது. வேலையை நினைத்ததும் இறங்கிப்போனது.

"ஒண்ணுதான் அண்ணாச்சி."

நகல் கூட்டுக்குள் ஏறியது. அந்த வாரமே கையெழுத்தும் விழுந்தது.

அடுத்த வகுப்பில் ரோச்சின் பேத்தி பிளாரன்ஸ் எழுந்தாள். "சார், மூல டி.என்.ஏ. அழிஞ்சுபோனா, நகல் ஆர்.என்.ஏ.வ வச்சு மறுபடி டி.என்.ஏ. எழுத முடியுமா?"

விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்துச் சில வருஷங்கள் ஆகின்றன என்று ஜெபசீலன் எங்கோ படித்திருந்தார். வாய் சும்மா இருக்கவில்லை.

"முடியும். சில வைரஸ் அப்படித்தான் பொழப்பு நடத்துது."

"எந்த வைரஸ் சார்?"

நிரந்தர வாத்தியார் ஜன்னல் வழியே கோயிலைப் பார்த்தார்.

"அது பரீட்சைக்கு வராது. உக்காரு."