முதல் குவளைக் கூழ்

"அத மூடி உள்ள வையி" என்றார் தேவேந்திரன்.

அம்பிகாவின் கையில், தண்ணீரைச் சோதிக்கும் மருந்து போட்ட விரலளவுக் கண்ணாடிக் குப்பி. கோயில் கிணற்றில் மொண்டு ஊற்றிய தண்ணீர், ஒரே நாளில் மையாகக் கறுத்திருந்தது.

"மாமா, இப்படிக் கறுத்தா தண்ணில சாக்கடை கலந்துருக்குனு அர்த்தம். நாளைக்கு கூழ இதுலதான கரைப்பாங்க. மைக்குல ஒரு வார்த்த சொல்லிட்டா லாரித் தண்ணி வரவெச்சுக்கலாம்."

"யாரு சொல்றது?"

"நான் சொல்றேன். அதுக்குத்தான கத்துக் குடுத்தாங்க."

"பூவும் பொட்டும் இல்லாதவ, ஆத்தாளுக்குக் கூழு ஊத்துற நாள்ல மைக்கப் புடிச்சா ஊரு இன்னா பேசும்?"

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் அந்தக் குப்பத்தில் ஊர்த்தலைவர் அவர்தான். மூத்த மகனைக் கடல் கொண்டுபோன பிறகும் மருமகளை மரியாதையாகவே வைத்திருந்தார். நோய் வரும் ஆபத்தைக் கணித்து மக்களுக்கு எடுத்துச் சொல்லும் பயிற்சிக்கு அவள் பொன்னேரி போனபோதும் தடுக்கவில்லை. அது வாயைத் திறந்து பேசும் வேலை என்று அவருக்குத் தெரியாது.

பயிற்சியில் டாக்டரம்மா சொன்னது அம்பிகாவுக்கு நினைவிருந்தது. உன்னை நம்ப மாட்டார்கள் என்றால், அவர்கள் நம்புகிறவர் வாயால் சொல்ல வை.

"அப்ப நீங்க சொல்லுங்க மாமா. நீங்க சொன்னா கேப்பாங்க."

"ஆத்தா கெணறு நாறுதுன்னு என் வாயால சொல்லணுமா? பக்கத்துக் குப்பத்துக்காரன் சிரிப்பான்."

மாலையில், மீன் விற்றுத் திரும்பிய பெண்களிடம் அவளே சொன்னாள். "டாக்டரம்மா வந்துட்டாங்கடி, ஊசி போட்டுக்கோங்க!" என்று பொன்னியம்மாள் கையை நீட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் சொல் தெருவில் பரவிவிட்டது.

மறுநாள் கூழ்ப் பானைகள் முன்னால் ஊர் தயங்கி நின்றது. தேவேந்திரன் பார்த்தார். தன் வீட்டிலிருந்து கிளம்பிய பேச்சைத் தன் வீட்டாலேயே அடைக்க நினைத்தார். இளைய மகனின் பெண் அர்ச்சனாவைக் கூட்டத்தின் நடுவே தூக்கி நிறுத்தினார். தினமும் அம்பிகாவின் பக்கத்தில் படுத்துத் தூங்கும் குழந்தை அது.

"முதல் குவளை என் ஊட்டுப் புள்ளைக்கு. எல்லாரும் பாருங்க!"

குழந்தை, பந்தலுக்கு வெளியே விலகி நின்ற அம்பிகாவைத் தேடிப் பார்த்தது.

"பெரிம்மா வாணாம்னாங்க தாத்தா."

"தாத்தா குடுக்குறேன், குடி."

குடித்தது. அடுத்த குவளையை அவரே குடித்தார். பிறகு தெருவே குடித்தது.

விடிவதற்குள் குழந்தைக்கு வாந்தியும் பேதியும். அம்பிகா கரைத்து ஊட்டிய உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கடைவாயில் வழிந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன், ஆட்டோவில், அவள் மடியிலேயே உயிர் போயிற்று.

தெருவில் இன்னும் பலர் படுத்துக் கிடந்தார்கள். ஆத்தாள் கோபம் என்றார்கள். அதே கிணற்றில்தான் மொண்டார்கள்.

குழந்தையை வாசலில் கிடத்தியதும் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். பெற்றவள் மாலா சுவரில் சாய்ந்திருந்தாள். அம்பிகாவின் கண்களில் நீர் இல்லை. தேவேந்திரன் அவளருகில் வந்தார். குரல் உடைந்திருந்தது.

"வளத்தவ நீ. ஊரே பாக்குது. வாய உட்டு அழுவும்மா."

அம்பிகா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு தலைமுடியை அவிழ்த்துக் குரலெடுத்தாள்.

"குவளையில குடிச்சவளே, என் கண்ணே...
கோயில் கெணத்துத் தண்ணி கொன்னுடுச்சே...
கொதிக்க வெச்சுக் குடிங்கடி, புள்ளயப் பெத்தவளே...
பேதி கண்டா உப்பும் சக்கரையும் கரைச்சு ஊத்துங்கடி...
ஆத்தா கோவமின்னு குந்தாதீங்க, ஆஸ்பத்திரி ஓடுங்கடி..."

சுற்றியிருந்த பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொன்னார்கள். அடுத்த தெரு வரை கேட்டது.

தேவேந்திரன் எழுந்தார். பிணத்தருகே அழும் பெண்ணை எந்த ஆணும் நிறுத்தக் கூடாது. அதுவும் அந்தக் குப்பத்தின் வழக்கம். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

குழந்தையைக் குளிப்பாட்டக் கோயில் கிணற்றிலிருந்து குடம் சுமந்து வந்த பொன்னியம்மாள், வாசலில் நின்று கேட்டாள். பிறகு குடத்தை மணலில் கவிழ்த்தாள்.